மதிப்பெண்ணா, முகவரியா? கிராமர் பள்ளிச் சேர்க்கையில் நான்கு வழிகள்

இங்கிலாந்தில் இன்று 163 கிராமர் பள்ளிகள் மிஞ்சியிருக்கின்றன. அரசுப் பணத்தில் நடக்கும் இடைநிலைப் பள்ளிகள் இவை, கட்டணம் கிடையாது. ஆனால் தொடக்கப் பள்ளியின் கடைசி ஆண்டான ஆறாம் ஆண்டின் தொடக்கத்தில், செப்டம்பரில், லெவன் பிளஸ் தேர்வு எழுதித் தேறினால்தான் இடம். புதிதாக எதையும் தொடங்கக்கூடாது என்று 1998ஆம் ஆண்டுச் சட்டம் பூட்டுப் போட்டது. 2016இல் பிரதமர் தெரசா மே அந்தப் பூட்டைத் திறக்கப் பார்த்தார். அடுத்த ஆண்டுத் தேர்தலில் பெரும்பான்மை போனது, திட்டமும் போனது. எனவே சண்டையெல்லாம் இருக்கும் இடங்களைப் பற்றித்தான். எங்கிருந்து வந்தாலும் மதிப்பெண் வரிசைப்படி கொடுப்பதா, பள்ளியைச் சுற்றி வாழும் பிள்ளைகளுக்கு முதலில் கொடுப்பதா?

நடைமுறையில் இரண்டு வழிகள் மட்டும் இல்லை. குறைந்தது நான்கு இருக்கின்றன.

முதலாவது, திறந்த போட்டி. வடக்கு லண்டன் பார்னெட்டில் உள்ள குயின் எலிசபெத் ஆண்கள் பள்ளி இதற்குப் பேர்போனது. வீடு எவ்வளவு தூரம் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. தரவரிசையில் மேலே இருந்தால் இடம். தமிழர்கள் திரளாக வாழும் ஹாரோவில் ஒரு கிராமர் பள்ளிகூடக் கிடையாது. அங்குள்ள பெற்றோருக்கு இந்த வழிதான் வாசல். வாடகை வீட்டில் இருந்தாலும் பிள்ளை படித்தால் போதும் என்ற நம்பிக்கை நம்மவர்களுக்கு எளிதில் புரிகிற நம்பிக்கை, அதில் நியாயமும் உண்டு. ஆனால் விலையும் உண்டு. பதினொரு வயதுப் பிள்ளை இரண்டு பஸ் மாறி, ரயில் ஏறிப் போய்வர வேண்டும். எல்லை இல்லாததால் போட்டி பெருகுகிறது. போட்டி பெருகினால் ட்யூஷன் பெருகுகிறது. ஒன்பது வயதில் தொடங்குவதே தாமதம் என்று ட்யூஷன் நிலையங்கள் பயமுறுத்துகிற நிலை.

இரண்டாவது, தேறினால் போதும், பிறகு தூரம் பார்ப்பது. கென்ட் மாவட்டத்தின் 32 கிராமர் பள்ளிகளில் பல இந்த வகை. ஏறத்தாழ நான்கில் ஒரு பிள்ளை கிராமர் பள்ளிக்குத் தகுதி பெறும்படியே கென்ட் தேர்வு வகுக்கப்பட்டிருக்கிறது. உச்ச மதிப்பெண்ணுக்கு ஓடவேண்டியதில்லை என்பதால் பிள்ளையின் மீதுள்ள அழுத்தம் குறையும். அழுத்தம் எங்கே போகிறது? வீட்டு விலைக்குள். நல்ல பள்ளிக்கு அருகே வீடு வாங்க முடிந்தவருக்கு இடமும் சேர்ந்து கிடைக்கிறது. வாங்க முடியாதவர்கள் சிலர் பள்ளி அருகே சில மாதங்களுக்கு வாடகைக்கு வீடு எடுத்து முகவரி காட்டுகிறார்கள். அதைக் கண்டுபிடிக்க உள்ளாட்சிக் கவுன்சில்கள் படும் பாடு தனிக் கதை. 2008இல் பூல் நகரக் கவுன்சில், முகவரி பொய்யோ என்ற சந்தேகத்தில் ஒரு குடும்பத்தை ஏறத்தாழ மூன்று வாரம் பின்தொடர்ந்து வேவு பார்த்தது. அது கிராமர் பள்ளி விவகாரம்கூட அல்ல, சாதாரணப் பள்ளிச் சேர்க்கை. வேவு பார்த்தது சட்டவிரோதம் என்று 2010இல் தீர்ப்பாயம் சொன்னது.

‘எங்கள் ஊர்ப் பள்ளி எங்கள் பிள்ளைகளுக்கு’ என்ற முழக்கத்தைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். ‘எங்கள் வரிப்பணம்’ என்பது அதன் முதல் வாதம். பள்ளிச் செலவின் பெரும்பகுதி நாடு முழுவதற்குமான அரசின் மானியத்திலிருந்து வருகிறது, கவுன்சில் வரியிலிருந்து அல்ல. சட்டமும் அந்த முழக்கத்துக்கு முழுதாக இடம் தரவில்லை. கவுன்சில் எல்லைக்கு வெளியே வசிக்கிறார்கள் என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளைகளைப் பின்னுக்குத் தள்ளக்கூடாது என்று 1989இல் கிரீனிச் வழக்கின் தீர்ப்பு சொல்லிவிட்டது. நியாயமான காரணத்தோடு பள்ளி தனக்கென ஒரு கேட்ச்மென்ட் பகுதியை, அதாவது முன்னுரிமை பெறும் சுற்றுவட்டாரத்தை, வகுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

அந்த முழக்கத்தை எழுப்புபவர்கள் பெரும்பாலும் கவனிக்காத இன்னொன்று இருக்கிறது. பள்ளி உள்ளூர்ப் பிள்ளைகளை எடுக்க எடுக்க, பக்கத்திலுள்ள மற்றப் பள்ளிகளுக்குச் சேதம் கூடுகிறது. பார்னெட் பள்ளி பரந்த லண்டனெங்குமிருந்து ஆளுக்கொருவராகப் பொறுக்குகிறது. எந்த ஒரு பள்ளியும் அதனால் வெறுமையாகிவிடாது. கென்ட்டில் அப்படியல்ல. ஒரே ஊரின் நன்றாகப் படிக்கும் கால்பங்குப் பிள்ளைகள் ஒரு வாயிலுக்குள் போய்விட, எதிர்த் தெருப் பள்ளி ‘தேறாதவர்களின் பள்ளி’ என்ற பெயரோடு ஆசிரியர் தேட வேண்டியிருக்கிறது. உள்ளூர்க்காரர்களுக்கு நல்லது என்று கொண்டுவந்த விதி, உள்ளூரின் முக்கால்பங்குப் பிள்ளைகளுக்கு நல்லதாக முடியவில்லை. திறந்த போட்டியை எனக்குப் பிடிக்காது. ஆனாலும் இந்த ஒரு கணக்கில் அது ஜெயிக்கிறது.

மூன்றாவது வழி இரண்டையும் கலப்பது. அஞ்சல் குறியீடுகளைக் கொண்டு ஒரு பகுதியை வரைந்து, அதற்குள் இருப்பவர்களை மதிப்பெண் வரிசையில் எடுப்பார்கள். லண்டனில் கிங்ஸ்டனின் இரண்டு டிஃபின் பள்ளிகளும், ரெட்பிரிட்ஜின் இல்ஃபர்ட், வுட்ஃபர்ட் கவுன்டி பள்ளிகளும் இந்த வகை. பயணம் குறையும், போட்டி மட்டும் குறையாது. கோட்டுக்கு உள்ளே வீடு வாங்கும் காசும் வேண்டும், ட்யூஷனுக்குக் காசும் வேண்டும். இரண்டு வழிகளின் குறைகளும் ஒன்றாகச் சேர்ந்த ஏற்பாடு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இல்ஃபர்ட் தமிழ்ப் பெற்றோர் என்னோடு சண்டைக்கு வரலாம்.

நான்காவது பர்மிங்ஹாம். அங்குள்ள கிங் எட்வர்ட் ஆறாம் மன்னர் பெயரிலான கிராமர் பள்ளிகள் சில, ஆஸ்டன், ஹான்ட்ஸ்வொர்த் போன்ற ஏழைப் பகுதிகளின் நடுவில் நிற்கின்றன. பெரும்பாலும் மதிப்பெண்ணே அளவுகோலாக இருந்தவரை, கூப்பிடு தூரத்தில் இருந்த பிள்ளை வெளியே நிற்க, தொலைவிலிருந்து காரில் வந்த பிள்ளை உள்ளே போனது. 2020 சேர்க்கையிலிருந்து விதி மாறியது. ஒவ்வொரு பள்ளிக்கும் கேட்ச்மென்ட் வகுத்தார்கள். கூடவே, இடங்களில் கால்பங்கு வரை ‘பியூபில் பிரீமியம்’ பிள்ளைகளுக்கு முன்னுரிமையும் உண்டு. அதாவது, கடந்த ஆறு ஆண்டுகளில் ஒருமுறையாவது இலவச மதிய உணவுக்குத் தகுதி பெற்றவர்களுக்கு. அவர்கள் தகுதி மதிப்பெண்ணைத் தொட்டால் போதும், உச்சத்தில் நிற்க வேண்டியதில்லை.

இது ஏன் தேவை என்பதற்கு ஒரு எண். எஜுகேஷன் பாலிசி இன்ஸ்டிட்யூட் 2016இல் வெளியிட்ட கணக்கின்படி, கிராமர் பள்ளிகளில் இலவச உணவுக்குத் தகுதியுள்ளவர்கள் 2.5 சதவீதம், அரசுப் பணத்தில் நடக்கும் எல்லா இடைநிலைப் பள்ளிகளையும் சேர்த்துப் பார்த்தால் 13.2 சதவீதம். வெறும் கேட்ச்மென்ட் இந்த இடைவெளியை நிரப்பாது. வசதியான புறநகரில் கோடு போட்டால் வசதியானவர்களே வருவார்கள். கோட்டோடு வருமான ஒதுக்கீடும் சேர்ந்தால்தான் ‘உள்ளூர்’ என்ற சொல்லுக்கு ஹான்ட்ஸ்வொர்த்தில் பொருள் இருக்கும். இடஒதுக்கீடு பற்றித் தலைமுறைகளாகப் பேசிவரும் தமிழ் வாசகருக்கு இதை விளக்கவே வேண்டாம். ‘தகுதி குறைந்துவிடும்’ என்ற அதே முணுமுணுப்பு அங்கேயும் கேட்கிறது.

நான் தேர்ந்தெடுப்பது பர்மிங்ஹாம் வழியை, ஒரு குறையோடு. அங்கே தேர்வுக்குப் பெற்றோர்தான் பதிவு செய்ய வேண்டும், அதுவும் கோடை விடுமுறைக்கு முன்பே. விவரம் தெரியாத வீட்டுப் பிள்ளைக்குக் கோடும் உதவாது, ஒதுக்கீடும் உதவாது. பக்கிங்ஹாம்ஷையரில் பல குறைகள் உண்டு, ஆனால் இந்த ஒன்றைச் சரியாகச் செய்கிறார்கள்: அந்த மாவட்ட அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருடைய பெயரும் தானாகவே தேர்வுப் பட்டியலில் சேர்ந்துவிடுகிறது. வேண்டாம் என்பவர்கள்தான் எழுதிக் கொடுத்து விலக வேண்டும்.