ஜெலுத்தோங் கடையில் வாங்கிய சமையல் தராசும் கருப்பியின் ஆறு குட்டிகளும்

நாய் குட்டி போட்ட வீட்டுக்கு முதலில் என்ன வாங்க வேண்டும் என்று யாராவது கேட்டால், தராசு வாங்குங்கள் என்பேன். பால் மாவு, பால் புட்டி, மெத்தை எல்லாம் அப்புறம்.

நான் வாங்கியது எங்கள் பினாங்குத் தீவின் ஜெலுத்தோங்கில், வாளியிலிருந்து ஒயர் வரை எல்லாம் விற்கும் ஒரு பழைய கடையில். முப்பது ரிங்கிட்டுக்குள்தான். வெள்ளைப் பிளாஸ்டிக், மேலே வட்டமான தட்டு, அடியில் இரண்டு சிறிய பேட்டரி. ஐந்து கிலோ வரை தாங்கும். ஒவ்வொரு கிராமாகக் காட்டும். பெட்டியில் கேக் படம் போட்டிருந்தது. தீபாவளிக்கு முறுக்கு மாவு நிறுக்க என்னிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. சாப்பாட்டுக்கு ஒன்று, நாய்க்கு ஒன்று என்று தனித்தனியாக வைத்துக்கொள்வதுதான் சரி. அதனால்தான் இது.

கருப்பி எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், எல்லோர் வீட்டிலும் சாப்பிடும் நாய். குட்டி போட மட்டும் எங்கள் கார் நிறுத்தும் இடத்தின் மூலையைத் தேர்ந்தெடுத்தாள். ஆறு குட்டிகள். 2015-இல் வெறிநாய்க்கடி நோய் பினாங்கிலும் கண்டறியப்பட்டபோது, தெரு நாய்களைப் பிடித்துக் கொல்லச் சொல்லி உத்தரவு வந்தது. அந்த வருடத்தை இந்தத் தீவில் பார்த்தவர்களுக்கு, தெருவில் ஒரு நாய் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்தாலே மனம் கலங்கும். இவளையும் குட்டிகளையும் தெருவில் விடுவதில்லை என்று வீட்டுக்காரரும் நானும் அன்றைக்கே முடிவு செய்துவிட்டோம்.

பிறந்த நாய்க்குட்டிக்குக் கண் தெரியாது, காது கேட்காது. கண் திறக்கவே பத்துப் பதினான்கு நாள் ஆகும். குளிர்ந்தால் நடுங்கத் தெரியாது. தானாக மூத்திரம்கூடப் போக முடியாது, தாய் நக்கிக் கொடுத்தால்தான் போகும். பசித்தால் கத்தும் என்று நம்புகிறோம். ஆனால் உண்மையிலேயே சோர்ந்த குட்டி கத்தாது, ஓரமாகச் சும்மா கிடக்கும். பார்ப்பவருக்கு நன்றாகத் தூங்குகிறது என்றுதான் தோன்றும். இது முடியாமல் கிடக்கிறது என்பதை முதலில் சொல்வது அதன் எடைதான்.

கணக்கு சுலபமானது. முதல் நாள் எடை கொஞ்சம் குறையலாம், பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறையக் கூடாது. அதன் பிறகு ஒரு நாளைக்கு ஐந்து முதல் பத்து சதவீதம் ஏற வேண்டும். ஏழிலிருந்து பத்து நாளுக்குள் பிறந்த எடை இரண்டு மடங்காக வேண்டும். கருப்பியின் குட்டிகள் 250 கிராம் அளவில் பிறந்தவை. அப்படியென்றால் ஒரு நாளைக்கு 12 முதல் 25 கிராம்தான் ஏற்றம். கையில் தூக்கிப் பார்த்து யாராலும் இதைச் சொல்ல முடியாது. வீட்டில் இருக்கும் ஆள் நிற்கும் தராசு நூறு கிராம் நூறு கிராமாகத் தாவுவது. மார்க்கெட்டில் மீன் நிறுக்கும் தொங்கு தராசும் உதவாது, அதில் முள் லேசாக நகர்வதற்குள் குட்டியின் இரண்டு நாள் வளர்ச்சி முடிந்துவிடும். கைக்குழந்தைத் தராசையும் விசாரித்தேன். நான் பார்த்தவை ஐந்து, பத்து கிராமாகத்தான் காட்டின. விலையோ பல மடங்கு. ஒவ்வொரு கிராமாகக் காட்டும் சமையல் தராசுதான் இதற்குப் பொருத்தம்.

கடை முதலாளி தௌக்கேயிடம் கேட்டு அங்கேயே சோதித்துப் பார்த்தேன். காலி அளவுக் குவளையை வைத்துப் பூஜ்யம் ஆக்கிவிட்டு, அதில் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றினால் 500 கிராம் காட்ட வேண்டும். இது 499 காட்டியது. எனக்கு அது போதும். உண்மையில் ஒன்றிரண்டு கிராம் தவறாகக் காட்டினாலும் பரவாயில்லை, தினமும் அதே தவறைக் காட்டினால் சரி. நமக்கு வேண்டியது நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம்.

நான் செய்தது இப்படி. ஒரு சின்னப் பிளாஸ்டிக் கூடையில் பழைய துண்டை மடித்துப் போட்டு, தராசில் வைத்துப் பூஜ்யம் ஆக்குவேன். காலையில் கருப்பி வெளிக்குப் போகும் நேரம்தான் நிறுக்கும் நேரம். அவள் பார்க்கும்போது குட்டியைத் தூக்கினால் தவித்துப்போவாள். அவளைத் தவிக்க விட்டு நாம் கணக்கு எழுதுவதில் அர்த்தமில்லை. ஆறில் நான்கு ஒரே மாதிரிக் கறுப்பு என்பதால் ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு நிறத்தில் கம்பளி நூல் தளர்வாகக் கட்டினேன். குட்டி வளர்கிற வேகத்தில் நூல் இறுகிவிடும், தினமும் விரல் விட்டுப் பார்த்து மாற்ற வேண்டும். மகன் பள்ளி நோட்டில் கட்டம் போட்டு நிறப்படி எழுதிவந்தான். குட்டிகளின் பெயரே சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஆகிவிட்டது.

சிவப்பைப் பற்றிச் சொன்னால்தான் இந்தத் தராசின் அருமை விளங்கும். பிறந்தபோது 241. மற்றவை எல்லாம் ஏற, இவன் 238, அடுத்து 234. ஆனால் பார்க்க நன்றாகத்தான் இருந்தான். காம்பைப் பிடித்துக்கொண்டுதான் கிடந்தான். பக்கத்து வீட்டு அக்காகூட, “பால் குடிச்சிக்கிட்டுத்தானே இருக்கான், நீ ஏன் பயப்படுறே?” என்றார். ஏற்கெனவே குறைந்த எடை மறுநாளும் குறைந்ததால் நோட்டை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் குட்டியைத் தொடுவதற்கு முன்பே அந்தக் கட்டத்தைத்தான் படித்தார். வாய்க்குள் விரல் வைத்துப் பார்த்து, உறிஞ்சுகிறான், ஆனால் பலமில்லை, உடம்பும் குளிர்ந்திருக்கிறது என்றார்.

அவர் சொன்னதில் நான் எல்லோருக்கும் திருப்பிச் சொல்லும் விஷயம், குளிர்ந்த குட்டிக்குப் பால் கொடுக்கக் கூடாது என்பது. முதல் வாரத்தில் குட்டியின் உடல் சூடு 35 முதல் 37 டிகிரி வரை இருக்கும். அதற்கும் கீழே இறங்கிவிட்டால் குடல் வேலை செய்வதை நிறுத்திவிடும். உள்ளே போகும் பால் செரிக்காமல் தேங்கும், நுரையீரலுக்குள் போகவும் வாய்ப்புண்டு. முதலில் நம் நெஞ்சோடு அணைத்து மெதுவாகச் சூடேற்ற வேண்டும். அப்புறம்தான் பால். அதையும் மனிதக் குழந்தையைப் போல மல்லாத்திக் கொடுக்கக் கூடாது, குட்டி குப்புறப் படுத்தபடி தலையை லேசாகத் தூக்கித்தான் குடிக்க வேண்டும். பின்கால் பக்கத்துக் காம்புகளில் பால் அதிகம் இருக்கும் என்பதால், மற்றவற்றை விலக்கிவிட்டு முதலில் சிவப்பை அங்கே பிடித்துவைத்தேன். இடையிடையே நாய்க்குட்டிகளுக்கென்றே விற்கும் பால் மாவைக் கரைத்துக் கொடுத்தேன். எவ்வளவு கொடுப்பது என்று டப்பாவில் போட்டிருக்கும், அதுவும் குட்டியின் எடையை வைத்துத்தான். தராசு இல்லாமல் அந்த அட்டவணையைப் படித்து என்ன பயன்?

அவன் 236 காட்டிய அன்று வீடே சந்தோஷப்பட்டது. வீட்டுக்காரர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்டில் இருந்தார், வாட்சாப்பில் அந்த எண்ணை மட்டும் அனுப்பினேன்.

பால் மாவு என்றதும் சிலர், “டின் பால் கலக்கிக் கொடுத்தால் போதாதா?” என்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். டின் பால் பெரும்பாலும் சர்க்கரை. பசும்பாலும் ஈடாகாது. நாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, பால் சர்க்கரை குறைவு. பசும்பாலையே கொடுத்தால் வயிற்றால் போய், இருக்கிற எடையும் கரையும். அதைவிட முக்கியம், தாயின் முதல் சீம்பால். பிறந்த ஒரு நாளுக்குள் அது குட்டியின் வயிற்றுக்குள் போயாக வேண்டும். நோய் எதிர்ப்புச் சக்தி பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகிறது, அந்த நேரம் தாண்டினால் குடல் அதை உள்ளே எடுக்காது.

நோட்டு இன்னொன்றும் கற்றுக்கொடுத்தது. ஒரு குட்டி மட்டும் இறங்கினால் அந்தக் குட்டியைப் பார்க்க வேண்டும். எல்லாம் ஒரே நாளில் நின்றுவிட்டால் தாயைப் பார்க்க வேண்டும். இரண்டாவது வாரத்தில் ஒரு காலை ஆறு எண்களும் முந்தின நாள் இருந்த இடத்திலேயே நின்றன. கருப்பியைப் படுக்கவைத்துத் தடவிப் பார்த்தால், ஒரு காம்பைச் சுற்றிக் கல்லாக இறுகி, சிவந்து, கொதித்தது. காய்ச்சல் 40 டிகிரி. நாய்க்கு 38 முதல் 39 வரை இருப்பதுதான் இயல்பு. பால் கட்டிச் சீழ் பிடிக்கத் தொடங்கியிருக்கிறது என்றார் டாக்டர். மருந்தும் வெந்நீர் ஒத்தடமுமாக இறங்கிவிட்டது. அவள் அன்றைக்கும் வாலை ஆட்டிக்கொண்டுதான் சாப்பாட்டுக்கு வந்தாள். அவள் முகத்தைப் பார்த்து நான் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

தாயைப் பற்றிப் பேசும்போது ஒரு ஆபத்தைச் சொல்லாமல் விட முடியாது. குட்டி போட்ட முதல் நான்கு வாரங்களில் இரத்தத்தில் கால்சியம் திடீரென்று குறையலாம். சிறிய இன நாய்க்கு நிறைய குட்டிகள் இருந்தால் இன்னும் கவனம். அமைதியில்லாமல் அலைவது, மூச்சு வாங்குவது, கால்கள் விறைப்பது, உடம்பு உதறுவது இதெல்லாம் அறிகுறி. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, உடனே ஊசி வழியாகக் கால்சியம் ஏற்ற வேண்டும். அதற்குப் பயந்து சினையாக இருக்கும்போதே கால்சியம் மாத்திரை கொடுப்பது நேர்மாறான பலனைத் தரும், உடம்பு தன் எலும்பிலிருந்து எடுக்கும் பழக்கத்தை விட்டுவிடும். நல்ல சாப்பாடுதான் வழி. மூன்றாவது நான்காவது வாரத்தில் தாய்க்கு வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு வேண்டியிருக்கும். கருப்பிக்கு நாய்க்குட்டி உணவையே கொடுத்தேன், எலும்பெடுத்த கோழியோடு. அதையும் இதே தராசில் நிறுத்து, நான்கைந்து வேளையாகப் பிரித்து வைத்தேன்.

இனி குறைகள். குட்டி நெளியும்போது எண் நிற்காது, 310, 322, 305 என்று ஓடும். எண்ணை நிறுத்திப் பிடிக்கும் வசதி இதில் இல்லை. துண்டின் ஒரு முனையால் குட்டியை மூடினால் கொஞ்ச நேரம் அடங்கும், அதற்குள் படித்துக்கொள்ள வேண்டும். சற்றுப் பெரிய கூடை வைத்தால் எண் தெரியும் இடத்தை மறைத்துவிடுகிறது. ஓரிரு நிமிடத்தில் தானாக அணைந்துவிடும், திரும்பப் போட்டால் கூடையோடு பூஜ்யம் செய்த கணக்கும் போய்விடும். பொத்தான்களைச் சுற்றி இடைவெளி இருப்பதால் மூத்திரம் உள்ளே இறங்கும். சாப்பாடு மூடும் பிளாஸ்டிக் தாளை முழுவதும் சுற்றிவிட்டேன், அதோடு அந்தக் கவலை தீர்ந்தது. நான்காவது வாரத்துக்கு மேல் குட்டிகள் கூடையில் உட்காராது. அப்போது பெரிய தராசில் குட்டியோடு ஏறி, நம் எடையைக் கழித்துக்கொள்ள வேண்டியதுதான், கிராம் கணக்கு அந்த வயதில் தேவையும் இல்லை.

தராசு வாங்கிய அதே வாரம் ஒரு செல்லப்பிராணிக் கடையில் சூட்டு விளக்கு கட்டாயம் வேண்டும் என்று விற்கப் பார்த்தார்கள். முதல் வாரத்தில் குட்டிகளுக்கு 29 முதல் 32 டிகிரி வேண்டும். பினாங்கில் பகலில் அது சும்மாவே கிடைக்கிறது. இந்த ஊர் வெயிலில் விளக்கையும் மாட்டினால் குட்டி வெந்துபோகும். அடைமழை இரவில் மட்டும் வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துண்டில் சுற்றி ஒரு மூலையில் வைத்தேன், சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துபோக மறுபக்கம் காலி இடம் விட்டு. நம்ம ஊரில் குளிரைவிட எறும்புக்குத்தான் நான் அதிகம் பயந்தேன். படுக்கைப் பலகையின் நான்கு காலையும் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினேன், கொசு முட்டையிடாமல் தினமும் தண்ணீரை மாற்றினேன். எறும்புச் சாக்பீஸ் விஷம், குட்டிகள் பக்கம் அது வரவே கூடாது.

இரண்டாவது வாரத்திலிருந்து குட்டிகளுக்குக் குடற்புழு மருந்து தொடங்க வேண்டும், வட்டப்புழு தாயின் வயிற்றிலிருந்தும் பாலிலிருந்தும் குட்டிக்கு வருகிறது. அந்த மருந்தும் எடைக்கு இவ்வளவு என்றுதான். சிவப்பின் அளவும் மஞ்சளின் அளவும் ஒன்றல்ல என்பதால் டாக்டர் அன்றைய காலை எடையைக் கேட்டே அளந்து கொடுத்தார்.

ஆறும் பிழைத்து, தடுப்பூசி தொடங்கி, நமக்குத் தெரிந்த வீடுகளுக்குப் போய்விட்டன. கருப்பிக்குக் கருத்தடை முடிந்தது, இப்போது எங்கள் வீட்டு நாய்தான். தராசுக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். எண்ணை நிறுத்திப் பிடிக்கும் பொத்தான் உள்ளதாகக் கிடைத்தால், பத்து ரிங்கிட் கூடக் கொடுத்தாவது அதையே வாங்குங்கள். பிரசவத்துக்கு முன்பே வாங்கிவிடுங்கள், பிறந்த அன்றைய எடை தெரியாமல் போனால் மற்ற எண்களை எதோடு ஒப்பிடுவது? மாற்றுப் பேட்டரி இரண்டும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் தராசு இப்போது இரண்டு தெரு தள்ளி இன்னொரு வீட்டில் இருக்கிறது, அங்கே ஒரு நாய் குட்டி போடும் நாளில் இருக்கிறாள்.