சிஸ்கோ 1841ஆ, 1941ஆ: பாவித்த ரவுட்டர் வாங்கப் போகிறவர்களுக்கு

சிஸ்கோவின் நெட்வர்க் பரீட்சையான சிசிஎன்ஏவுக்கு வீட்டிலேயே பழக நான் முதலில் வாங்கியது இரண்டு 1841. ஆறு மாதம் கழித்து ஒன்றை விற்றுவிட்டு, இரண்டு 1941 எடுத்தேன். எது நல்லது என்று ஹட்டன் பக்கத்துத் தம்பி தங்கைகள் கேட்டால் இப்போது தயங்காமல் 1941 என்றே சொல்கிறேன். விலை ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

முதலில் சின்ன விஷயங்களை முடித்துவிடலாம். 1841 வெளிவந்தது 2004இல், 1941 வெளிவந்தது 2009இல். இரண்டிலும் இரண்டிரண்டு போர்ட். பழையதில் 100 மெகாபிட், புதியதில் கிகாபிட். பழகுவதற்கு இந்த வேகம் ஒரு பொருட்டே இல்லை. சிஸ்கோவின் 2811 ரவுட்டரும் மலிவாகக் கிடைக்கிறது, ஆனால் அதன் ஃபேன் சத்தம் அதிகம். ஒரு சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம் தூங்கும் லயத்துக் காம்பராவில் அதை இரவில் ஓட்டவே முடியாது. வேறு நிறுவனத்தின் மைக்ரோடிக் அருமையான ரவுட்டர், கரண்டும் குறைவாகவே இழுக்கும். ஆனால் கட்டளைகள் வேறு. சிஸ்கோ பரீட்சைக்கு விரல் சிஸ்கோவில்தான் பழக வேண்டும்.

இனி முக்கியமான விஷயம். பெட்டியை விட, அதன் ஃப்ளாஷ் கார்டில் இருக்கும் ஐஓஎஸ் இமேஜ், அதாவது ரவுட்டரை இயக்கும் மென்பொருள் கோப்புதான் நமக்கு வேண்டிய பொருள். இதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

முதல் 1841ஐ இஸ்தோப்பு மேசையில் வைத்து, லேப்டாப்பிலிருந்து கன்சோல் கேபிள் மாட்டி, எஸ்எஸ்எச் (குறியாக்கத்தோடு தொலைவிலிருந்து ரவுட்டருக்குள் நுழைவது) பாடத்தைத் தொடங்கினேன். ஹோஸ்ட்நேம் கொடுத்தேன், டொமைன் நேம் கொடுத்தேன். அப்புறம் குறியாக்கச் சாவியை உருவாக்க ‘கிரிப்டோ கீ ஜெனரேட் ஆர்எஸ்ஏ’ என்று அடித்தேன். அடித்த சொல்லுக்குக் கீழே ஒரு சின்னக் கூம்புக்குறி, ‘இன்வேலிட் இன்புட்’ என்று ஒரு வரி. எழுத்துப்பிழையோ என்று நாலைந்து தடவை அடித்துப் பார்த்தேன். பிறகு புதிய வகை ஐபி முகவரிகளுக்கான ‘ஐபிவி6 யூனிகாஸ்ட் ரவுட்டிங்’ அடித்தேன். அதற்கும் அதே பதில். ‘ஷோ வேர்ஷன்’ போட்டுப் பார்த்த பிறகுதான் விளங்கியது: உள்ளே இருந்தது ஐஓஎஸ் 12.4இன் வெறும் ஐபிபேஸ் (அடிப்படை வசதிகள் மட்டும் உள்ள) இமேஜ். பெயரில் கே9 இல்லை என்றால் குறியாக்கம் இல்லை, எஸ்எஸ்எச்சும் இல்லை.

1841 தலைமுறையில் ஒவ்வொரு வசதித் தொகுப்புக்கும் தனித்தனி இமேஜ். ரவுட்டரைக் கணினியிலேயே போலியாக ஓட்டிக் காட்டும் பாக்கெட் ட்ரேசரில் நாம் பார்க்கும் 1841இல் எல்லாம் வேலை செய்வதற்குக் காரணம், அதில் இருப்பது அட்வான்ஸ்ட் ஐபி சேர்விசஸ் கே9 இமேஜ். அதன் அளவு 3,35,91,768 பைட். என் ரவுட்டரில் இருந்தது 32 எம்பி கார்டு. கொஞ்சத்தில் இடம் போதாது! 64 எம்பி கார்டு தேடிப் பிடித்தாலும், இமேஜை சிஸ்கோவின் தளத்திலிருந்து முறையாக இறக்க சேவை ஒப்பந்தம் வேண்டும். வீட்டில் படிக்கிற பிள்ளைக்கு அது ஆகிற காரியமில்லை. ஆக, 1841 என்ன இமேஜோடு வந்ததோ அதுதான் உங்களுக்கு.

1941இல் இந்தச் சிக்கல் இல்லை. யூனிவேர்சல் கே9 என்று ஒரே இமேஜ், வசதிகளைத் திறப்பது லைசென்ஸ். அடிப்படை ஐபி பேஸ் லைசென்ஸிலேயே எஸ்எஸ்எச், ஐபிவி6, ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டர்கள் தமக்குள் பேசி வழி அறிவது), நாட் (முகவரி மாற்றம்), டிஎச்சிபி (முகவரி வழங்கல்) எல்லாம் வருகின்றன. சிசிஎன்ஏவின் 200-301 பாடத்திட்டத்துக்கு அது தாராளமாகப் போதும். மினி யூஎஸ்பி கன்சோலும் இருப்பதால், நீல நிறக் கன்சோல் கேபிள் கிடைக்காவிட்டாலும் வேலை நடக்கும்.

எதை வாங்கினாலும் காசு கொடுக்குமுன் ‘ஷோ வேர்ஷன்’ திரையைக் கேளுங்கள். கொழும்புக் கடைக்காரர் ஒருவரிடம், “அண்ணே, அதை அடிச்சு ஒரு போட்டோ அனுப்ப முடியுமா?” என்று கேட்டேன். “லைட் எரியுது, ஃபேன் சுத்துது, வேற என்ன தம்பி பாக்கணும்?” என்றார். அங்கே வாங்கவில்லை. இன்னொருவர் பத்து நிமிடத்தில் அனுப்பினார், அவரிடம்தான் இரண்டு 1941ஐயும் எடுத்தேன். அந்தப் படத்தில் இமேஜ் பெயரைப் பாருங்கள். மெமரி வரியில் உள்ள இரண்டு எண்களையும் கூட்டினால் மொத்த ராம் வரும். கடைசி வரியில், ரவுட்டர் எழும்பும் முறையைச் சொல்லும் எண் 0x2142 என்று இருந்தால் பயப்பட வேண்டாம். யாரோ பழைய பாஸ்வேர்டைத் தாண்டி உள்ளே போயிருக்கிறார்கள், அவ்வளவுதான். 0x2102 என்று மாற்றி வைக்காவிட்டால் ஒவ்வொரு தடவை அணைத்து எழுப்பும்போதும் நீங்கள் சேமித்த அமைப்பை ரவுட்டர் படிக்காது.

சீரியல் கார்டும் கேபிளும் சேர்த்துத் தருகிறோம் என்பார்கள். 2020 பெப்ரவரியில் வந்த அந்த 200-301 பாடத்திட்டத்துக்கு அவை தேவையில்லை. மூன்று ரவுட்டரை முக்கோணமாக இணைத்தால் இருந்த போர்ட்டெல்லாம் தீர்ந்துவிடுமே என்றால், லேனுக்கு (உள் வலைக்கு) பதில் லூப்பேக் இன்டர்ஃபேஸ், அதாவது மென்பொருளில் மட்டும் இருக்கும் போர்ட், போடுங்கள். ஓஎஸ்பிஎஃப் பழக அது போதும்.

பவர் சப்ளை எதில் அதிக நாள் உழைக்கும் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. 1941ஐ நான் ஓட்டியது ஒன்பது மாதம்தான், அதுவும் இரவில் இரண்டு மணி நேரம். ஆனால் ஏப்ரலிலும் ஐப்பசி மழையிலும் நம் பக்கம் பின்னேரமானால் இடி இடிக்கும். அப்போது பிளக்கோடு கன்சோல் கேபிளையும் கழற்றிவிடுங்கள், அந்த வயரின் மறுமுனையில் இருப்பது உங்கள் லேப்டாப்.

மிஞ்சிய 1841ஐ நான் விற்கவில்லை. நாட் பாடத்தில் அதை இணையச் சேவை நிறுவனத்தின் ரவுட்டராக வைத்திருக்கிறேன். ஒரு ஐபி முகவரி, ஒரு லூப்பேக், பிங்குக்குப் பதில். அந்த வேலைக்கு ஐபிபேஸ் போதும்.