மனைவியா, மாமியாரா, வாத்தியாரா: வங்காளம் யாரிடம் படிப்பது?

கல்யாணத்துக்குப் பிறகு முதன்முறையாகக் கொல்கத்தா போனபோது, பெஹாலாவில் மாமனார் வீட்டு வாசலில் நின்று “மாமா!” என்று கூப்பிட்டேன். மாமனார் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. கூடத்து மூலையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த வேறொருவர் எழுந்து வந்து என் பெட்டியை வாங்கிக்கொண்டார். அவர் என் மனைவியின் தாய்மாமன். வங்காளத்திலும் மாமா மாமாதான். ஆனால் அம்மாவுடன் பிறந்தவருக்கு மட்டுமே அந்தச் சொல். மாமன் மகளைக் கட்டும் வழக்கமுள்ள நம் ஊரில் மாமாவும் மாமனாரும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார்கள். அப்படி ஒரு கல்யாணத்தை நினைத்தாலே முகம் சுளிக்கும் அந்த வீட்டில், மாமனாரை ‘பாபா’ என்று கூப்பிட வேண்டுமாம். இதை மனைவி எனக்கு ரயிலிலேயே சொல்லியிருக்கலாம். கோரமண்டல் எக்ஸ்பிரஸில் ஒரு நாளுக்கும் மேல் உட்கார்ந்துதான் வந்தோம்.

மொழியைக் கற்றே தீருவது என்று அன்றிரவு முடிவு செய்தேன். ஆறு வருடங்களில் மனைவி, கைப்பேசிச் செயலி, தொலைக்காட்சித் தொடர், காசு கொடுத்து ஒரு வாத்தியார், கடைசியாக மாமியார் என்று ஐந்து வழிகளையும் பார்த்தாயிற்று. வேற்றுமொழிக்காரரைக் கட்டிக்கொண்டு இதே வேலையில் இறங்கும் பலரும் முதலில் செய்கிற தவறைத்தான் நானும் செய்தேன். துணையையே ஆசிரியராக்கினேன்.

காசு இல்லை, நேரக் கணக்கு இல்லை, பக்கத்திலேயே இருக்கிறாள் என்று பார்த்தால் இதைவிட வசதி வேறில்லை. ஆனால் நாங்கள் பழகியது ஆங்கிலத்தில், காதலித்தது ஆங்கிலத்தில், சண்டை போடுவதும் ஆங்கிலத்தில். இரண்டு வாக்கியம் வங்காளத்தில் போகும். மூன்றாவது வாக்கியத்தில் கேஸ் சிலிண்டர் வந்துவிடும், ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவோம். ‘நேற்று’க்கு என்ன சொல் என்று கேட்டால் ‘கால்’ என்பாள். நாளைக்கு? அதுவும் ‘கால்’தான். அது எப்படி இரண்டுக்கும் ஒரே சொல்? “அப்படித்தான்.” அவளைக் குற்றம் சொல்ல முடியாது. ‘எனக்குத் தெரியும்’ என்பதில் ‘நான்’ ஏன் வரவில்லை என்று நம்மிடம் யாராவது கேட்டால் நாமும் அதைத்தான் சொல்வோம்.

இதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று உண்டு. நமக்கு நீ, நீங்கள் என்று இரண்டு படி. அவர்களுக்குத் துய், துமி, ஆப்னி என்று மூன்று. வினைமுற்றும் கூடவே மாறும்: ‘சாப்பிடுவாய்’ என்பதே காபி, காபே, காபேன் என்று மூன்றாகும். மனைவி என்னிடம் பேசுவது ‘துமி’யில். அதைக் காதால் பிடித்துக்கொண்டு போய், எழுபதைத் தாண்டிய பெரிய மாமனாரிடம் “துமி கீ காபே?” என்று பணிவாகக் கேட்டேன். வடநாட்டு மருமகள் ஒருத்தி கணவனிடம் கற்ற தமிழில் நம் பெரியப்பாவைப் பார்த்து “என்ன சாப்பிடுகிறாய்?” என்று கேட்டால் எப்படியிருக்கும், அப்படி. அவர் பெரிய மனது பண்ணிச் சிரித்தார். துணையிடம் கற்கும் மொழி துணையிடம் பேச மட்டுமே பொருந்துகிற மொழி. இந்தி கற்கும் ஆண்கள் இதைவிட மோசமாக மாட்டுவார்கள். மனைவியின் பெண்பால் வினைகள் அப்படியே நாக்கில் ஒட்டிக்கொள்ளும். வங்காள வினையில் ஆண்பால் பெண்பால் இல்லாததால் அந்த வகையில் நான் தப்பித்தேன்.

ஆனாலும் அவள் மட்டுமே கற்றுத்தரக்கூடிய ஒன்று இருந்தது. ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவளிடம், தெரிந்த ஒரு சொல்லை வைத்து, “ராகா?” என்றேன். ராக் என்றால் அவர்களுக்குக் கோபம். “ராக் இல்லை, ஒபிமான்” என்றாள். எழுத்தில் அது நம் ‘அபிமானம்’தான். ஆங்கில அகராதி கர்வம் என்கிறது, பிணக்கு என்கிறது; எதுவும் பொருந்தவில்லை. உரிமையுள்ளவர் மேல்தான் ஒபிமான் வரும்; அவர் வந்து தேற்றினால்தான் போகும். நம்மிடம் இதற்குச் சொல்லா இல்லை? வள்ளுவர் கடைசி மூன்று அதிகாரங்களை இதற்கே கொடுத்திருக்கிறார். ஊடல். ஒரே வித்தியாசம், ஊடல் காதலர்களோடு நின்றுவிடும். ஒபிமான் அம்மாவுக்குப் பிள்ளை மேலும் வரும். மாமியாருக்கு மருமகன் மேலும் வரும் என்பது பின்னால்தான் தெரிந்தது.

செயலியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நாற்பது நாட்கள் விடாமல் செய்தேன். பையன் ஆப்பிள் சாப்பிடுகிறான், பெண் தண்ணீர் குடிக்கிறாள். நாற்பத்தோராவது நாள் விட்டுப்போயிற்று. நான் வருத்தப்பட்டதைவிடச் செயலிதான் அதிகம் வருத்தப்பட்டது. அதில் ‘தண்ணீர் குடி’ என்று தனியாக ஒரு வினையைக் கற்றேன். வீட்டில் போய்ப் பார்த்தால் தண்ணீர், தேநீர், சிகரெட், முத்தம் எல்லாவற்றையும் சோற்றைப் போலவே ‘சாப்பிடுகிறார்கள்’. தொடர்கள் அதற்குப் பரவாயில்லை, காது பழகும். ஆனால் அவற்றில் முதலில் மனதில் நிற்பவை வசவுகள்.

வாத்தியாருக்கு வருவோம். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, வாரம் இரண்டு நாள் காணொளி வகுப்பு, மணிக்கு நானூறு ரூபாய். முதல் வகுப்பில் என் நோட்டைக் காட்டச் சொன்னார். ‘கால்’ என்று மூன்று இடத்தில் எழுதி, ஒன்றுக்கு நேற்று என்றும், ஒன்றுக்குக் கால்வாய் என்றும், ஒன்றுக்குக் கன்னம் என்றும் பொருள் போட்டிருந்தேன். ‘சால்’ இரண்டு, ஒன்று அரிசி, ஒன்று மரப்பட்டை. வங்காளத்தில் இவை எல்லாம் வேறு வேறு ஒலிகள். நம் எழுத்தில் ஒரே ககரம், ஒரே சகரம். மளிகைக் கடையில் இரண்டு கிலோ மரப்பட்டை கேட்டு நின்றதன் காரணம் அப்போது விளங்கியது. “இந்த நோட்டைத் தூக்கிப் போடுங்கள்” என்றார். அதற்கே அந்த நானூறு சரியாகப் போயிற்று.

1855இல் ஈஸ்வரசந்திர வித்யாசாகர் எழுதிய ‘பொர்ணொபொரிசய்’ என்ற அரிச்சுவடியை வாங்க வைத்தார். சொன்ன பேச்சைக் கேட்கும் கோபாலையும் கேட்காத ராக்காலையும் பற்றி நாற்பதை நெருங்கும் வயதில் எழுத்துக்கூட்டிப் படிப்பதில் ஒரு சுகம் இருந்தது. கூட்டெழுத்துகள் கண்ணைக் கட்டத்தான் செய்தன. ஆனால் எகரக் குறி எழுத்துக்கு முன்னால் வருவதும், ஒகரக் குறி எழுத்தை இரண்டு பக்கமும் அணைத்து நிற்பதும் நம் கொம்பும் காலும் போலவே. இந்தி படித்தவர்கள் தடுமாறும் இடத்தில் தமிழன் நடந்து போய்விடலாம். இன்னொன்று, எண்கள். வங்காளத்தில் நூறு வரைக்கும் ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியே உருப்போட வேண்டும். நம்மைப் போல ‘முப்பத்து’டன் ‘ஐந்தை’ச் சேர்த்துக்கொள்ள முடியாது. எந்த மனைவியும் உட்காரவைத்து இதைச் சொல்லித்தர மாட்டாள். வாத்தியார் வேண்டும்.

அவரிடம் எனக்கு ஒரே ஒரு குறை. எல்லாவற்றையும் ஆங்கிலத்தின் வழியாக விளக்கினார். சென்னையிலிருந்து கொல்கத்தாவுக்கு லண்டன் வழியாகப் போவது போன்ற சுற்று அது. ஒரு நாள் ‘போலே’ என்ற சொல்லுக்கு அரைமணி நேரம் விளக்கம் சொன்னார். ஆங்கிலத்தில் அதற்கு நேர்ச்சொல் கிடையாது. “பிரிஷ்டி ஹொபே போலே சாத்தா நியேசி” என்று பலகையில் எழுதினார். நான் கீழே எழுதிக்கொண்டேன்: மழை, வரும், என்று, குடை, எடுத்திருக்கிறேன். அரைமணி நேரம் வீண். போலே என்றால் ‘என்று’, அவ்வளவுதான். சா-டா என்றால் டீ கீ. வினையைக் கடைசியில் வைப்பதும், ‘இல்லை’யை அதற்கும் பின்னால் வைப்பதும், சாப்பிட்டு, போய், வந்து என்று எச்சங்களாகக் கோத்துக்கொண்டே போவதும் நமக்குப் பிறவிப் பழக்கம். வங்காளம் படிக்கும் தமிழர் வாக்கியத்தைத் தமிழிலிருந்து கட்டட்டும்.

சொற்களில் மட்டும் தமிழை நம்பக்கூடாது. வடமொழிச் சொற்கள் இரண்டு ஊரிலும் ஒரே முகத்தோடு உலவுகின்றன. செய்யும் தொழில்தான் வேறு. அவர்களின் சேஷ்டா முயற்சி. நம் சேட்டை எது என்று தெரியும். ஷிக்கா கல்வி, நம் சிட்சை தண்டனை (இதில் ஒரு நியாயம் இருப்பதாகச் சொல்லும் நண்பர்கள் உண்டு). ஷொங்ஷார் குடும்பம் முழுவதும். நம் சம்சாரம் மனைவி மட்டும். மாமனார் ஒரு மாலை சாய்வு நாற்காலியில் கால் நீட்டியபடி “ஆமி அபொஷொர் நியேசி” என்றார். அவசரம் போலிருக்கிறது என்று நான் எழுந்து வழிவிட்டேன். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டதைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர்களின் அவசரம் ஓய்வு.

வகுப்பில் எட்டு மாதம் ஆன பிறகும் சாப்பாட்டு மேசையில் நான் ஊமைதான். வாத்தியார் நிறுத்தி நிதானமாகப் பேசி, என் பதிலுக்குக் காத்திருப்பார். மேசையில் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள், எனக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள். போதாததற்குப் பாட்டி ஒருவர். பிரிவினையின்போது கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர். வகுப்பில் ‘காபோ’ என்று கற்ற ‘சாப்பிடுவேன்’ அவர் வாயில் ‘காமு’ என்று வரும்.

பூட்டைத் திறந்தவர் மாமியார். பேறுகால உதவிக்காக வந்து எங்கள் வீட்டில் நான்கு மாதம் இருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. எனக்கு இந்தி தெரியாது. மனைவி குழந்தையோடு அறையில் இருக்க, சமையலறையில் நாங்கள் இருவர் மட்டும். தாவித் தப்பிக்க மூன்றாவது மொழி இல்லாததுதான் அவரிடம் இருந்த பெரிய வசதி. தாவ், காட்டோ, நாடோ: கொடு, நறுக்கு, கிளறு. ஏவல் வினைகள் அத்தனையும் ஒரு வாரத்தில் வந்துவிட்டன. தவறாகப் புரிந்துகொண்டால் உடனே கையில் இருந்ததைப் பிடுங்கிக்கொள்வார். திருத்தம் அங்கேயே நடந்துவிடும். தவறாகச் சொன்னாலும் சிரிக்க மாட்டார். அவருக்கு வேலை ஆக வேண்டும்.

ஒரு நாள் வாழைப்பூ வாங்கி வந்தேன். அங்கே அதற்கு மோசா. எங்கள் அரிவாள்மணையைப் பார்த்ததும் “பொந்தி!” என்று முகம் மலர்ந்தார், அவர்கள் ஊரிலும் அதேதான், தரையில் உட்கார்ந்து காலால் மிதித்துக்கொண்டு நறுக்குவது. மடலை உரித்துப் பூவை எடுத்து, உள்ளே இருக்கும் விறைத்த நரம்பை எப்படிக் கிள்ளுவது என்று எனக்குக் காட்ட வாயெடுத்தார். நான் அதற்குள் நான்கு பூவில் கிள்ளிவிட்டேன். “துமி ஜானோ!” என்றார். உனக்குத் தெரிந்திருக்கிறதே! எனக்கு என்ன தோன்றியதோ, “ஆம்ரா ஏகே சோர் போலி” என்றேன். நாங்கள் இதைத் திருடன் என்போம். எங்கள் வீட்டில் அதற்குக் கள்ளன் என்றுதான் பெயர். மனதுக்குள் ஆங்கிலத்தில் கட்டாமல் வாயிலிருந்து நேராக விழுந்த முதல் வங்காள வாக்கியம் அது. அவர் கையிலிருந்த பூவை ஒரு நிமிடம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அன்று மாலை அக்காவுக்குப் போன் செய்து இதைச் சொன்னார். பேச்சு வேகமாகப் போனது. ‘சோர்’ மட்டும் மூன்று முறை காதில் விழுந்தது.

என் மனைவி தமிழ் கற்கும் கணக்கு இதற்கு நேர் எதிர். வங்காளத்தில் பழைய ஏட்டு நடையான சாது பாஷை இன்று அநேகமாக வழக்கொழிந்துவிட்டது. எழுதுவதும் பேசுவதும் நெருங்கிவிட்டதால் புத்தகமும் வாத்தியாரும் எனக்கு உதவினார்கள். அவள் தமிழ்ப் பாடநூலை முடித்துவிட்டுக் கீரைக்காரம்மாவிடம் திருத்தமாகப் பேச, அந்த அம்மா “செய்தி வாசிக்கிற பெண்ணா?” என்று என்னிடம் கேட்டார். தமிழ் கற்கும் துணைக்கு முதல் நாளிலிருந்தே வீட்டு மனிதர்கள்தான் வேண்டும். எழுத்து பிறகு வரட்டும். வங்காளத்துக்கு என்னைக் கேட்டால் மூன்று மாதம் வாத்தியார், பிறகு மாமியார். மாமியார் இல்லாவிட்டால் ஆங்கிலம் தெரியாத அத்தை, சித்தி யாராவது. மனைவியை ஒபிமானுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மாமியாரோடு போனில் பேசுகிறேன். முடிக்கும்போது எங்கள் பாடநூலின் கடைசிப் பக்கத்திலிருந்த விடைபெறும் வாக்கியத்தை ஒருவரும் சொல்வதில்லை. அவர் “ராக்சி” என்கிறார். வைக்கிறேன். வாரம் தவறினால் மட்டும் எதுவும் சொல்லாமல் வைத்துவிடுகிறார்.