இரண்டரை ஆண்டு வீகன், மூன்றாவது மிக்ஸி கப்ளர்

போன வாரம் மிக்ஸி நின்றுவிட்டது. ஜாரை மோட்டாரோடு இணைக்கும் கப்ளரின் பற்கள் தேய்ந்து வழுவழுவென்று ஆகியிருந்தன. இது மூன்றாவது முறை. பழுது பார்ப்பவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "தினமும் அப்படி என்ன சார் அரைக்கிறீர்கள்?" என்று கேட்டார். முந்திரிப் பால் என்றேன். மேற்கொண்டு அவர் எதுவும் கேட்கவில்லை. அன்று மாலையே, தானும் வீகனாக, அதாவது பால், நெய், முட்டை உட்பட விலங்குகளிடமிருந்து வரும் எதையும் உண்ணாதவனாக, மாறப்போவதாகச் சொல்லி நண்பன் ஒருவன் அனுபவம் கேட்டான். அவனுக்காகவே இது.

முட்டையும் மீனும் ஒரு மாதத்தில் மறந்துபோயின. இட்லி, சாம்பார், ரசம், காரக்குழம்பு, சுண்டல் எல்லாம் பெரும்பாலும் வீகன்தான். நாம்தான் அப்படிச் சொல்வதில்லை. வெளியே சாப்பிடும்போது நெய்க் கரண்டியிடம் மட்டும் எச்சரிக்கை தேவை. இலைமேல் கையை விரித்துத் தடுத்தாலும், விரலிடுக்கு வழியே ஊற்றிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. பிஸ்கட் பாக்கெட்டின் பச்சைப் புள்ளியையும் நம்பாதே. பால்பொடி சேர்த்ததற்கும் அதே புள்ளிதான். வைட்டமின் பி12 மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு முதல் மாதமே தொடங்கிவிடு. தாவர உணவில் அது கிடைக்காது.

இனி காப்பி. சோயாப் பாலில் சூடான டிகாஷனை ஊற்றினால் புளிப்பும் சூடும் சேர்ந்து புரதத்தைத் திரித்துவிடும். டம்ளருக்குள் மேகம் மிதக்கும். டிகாஷனை ஆறவிட்டுப் பார்த்தேன், சிக்கரியைக் கூட்டிப் பார்த்தேன். திரிவது குறைந்தது, சோயா வாடை போகவில்லை. தேங்காய்ப் பாலில் காப்பி குடித்தால் பாயசத்தில் காப்பித்தூள் விழுந்ததுபோல இருக்கிறது. ஓட்ஸை வீட்டில் அரைத்துச் சூடாக்கினால் கஞ்சி. கடையில் விற்கும் ஓட்ஸ் பால் கஞ்சியாகாது. அதிலுள்ள மாவுச்சத்தை நொதிகளால் முன்பே உடைத்திருக்கிறார்கள். ஆனால் ஆவின் நீலப் பாக்கெட் அரை லிட்டர் 20 ரூபாய்க்குக் கிடைக்கும் ஊரில், அந்த டப்பாவுக்கு அதைப்போலப் பல மடங்கு கொடுக்கும்போது கை கூசுகிறது. கடைசியில் வந்து நின்றது ஊறவைத்த முந்திரியில். வடிகட்ட வேண்டாம், ஓரளவு நுரையும் வருகிறது. ஆனால் காலை ஐந்தரைக்கு அரைக்க வேண்டும். மாடி வீட்டுக்காரர் இதுவரை எதுவும் சொல்லவில்லை. பார்க்கும் பார்வையில் எல்லாம் இருக்கிறது.

நான் எதிர்பார்க்காதது தயிர். நிலக்கடலையை ஊறவைத்துத் தோல் நீக்கி, அரைத்துப் பிழிந்த பாலைக் காய்ச்சி, வெதுவெதுப்பானதும் நான்கைந்து பச்சை மிளகாய்க் காம்புகளைப் போட்டு மூடிவைத்தேன். மறுநாள் உறைந்திருந்தது. முதல் உறை சுமார்தான். அதிலிருந்து எடுத்து உறை ஊற்றிய இரண்டாவது தயிர்தான் தயிர். கடுகும் இஞ்சியும் தாளித்துக் கொட்டிய தயிர்சாதத்தை அம்மாவுக்குச் சொல்லாமல் பரிமாறினேன். "புளிப்பு போதவில்லை" என்றார், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் அது நற்சான்றிதழ்.

உடம்பு நன்றாக இருக்கிறது, மளிகைக் கணக்கும் முந்திரியைத் தவிர்த்துப் பார்த்தால் ஏறவில்லை. இருந்தும் இன்றைய மனநிலையில் உனக்கு என் பதில்: காப்பிக்காரனாக இருந்தால் வேண்டாம். கடுங்காப்பி பழகியவன் என்றால் நாளைக்கே மாறிவிடு.

புது கப்ளர் 60 ரூபாய். இந்த முறை இரண்டாக வாங்கி வைத்திருக்கிறேன்.