டேப்பர் லாக்கா, பைலட் போரா? புல்லி வாங்கப் போய் நான் எடுத்த முடிவு

பெங்களூரு பீன்யா இரண்டாம் ஸ்டேஜில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் மெயின்டனன்ஸ் என் பொறுப்பு. போன மாதம் டஸ்ட் கலெக்டர் ப்ளோயருக்கு (தூசியை உறிஞ்சும் விசிறி) மோட்டார் பக்கம் ஒன்று, ப்ளோயர் பக்கம் ஒன்று என இரண்டு புல்லியும் (பெல்ட் ஓடும் சக்கரம்) புதிதாக வாங்க வேண்டியதாயிற்று. எஸ்.ஜே.பி. ரோட்டில் கடைக்காரர் கேட்ட முதல் கேள்வியே "பைலட் போர் போதுமா, டேப்பர் லாக் எடுக்கறீங்களா?" என்பதுதான். விலை கேட்டதும் தயக்கம் வந்தது. நான் எடுத்த அளவில் புஷ்ஷோடு சேர்த்து டேப்பர் லாக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு வந்தது. ஆனாலும் அதைத்தான் எடுத்தேன். ஏன் என்று எங்கள் சீனியர் ஃபிட்டருக்கு ஒரு வாரமாக விளக்கிக்கொண்டிருக்கிறேன், அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, சரி, எழுதியாவது வைப்போம்.

தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. பைலட் போர் புல்லி என்றால் நடுவில் சின்ன துளையோடு வரும். லேத்துக்குக் கொண்டுபோய் உங்கள் ஷாஃப்ட் (சுற்றும் தண்டு) அளவுக்குப் போர் அடித்து, அதாவது துளையைப் பெரிதாக்கி, கீவே என்ற காடிக்கு ஸ்லாட்டிங் போட்டு, அதில் உட்காரும் கீ என்ற இரும்புத் துண்டின் மேல் ஒரு கிரப் ஸ்குரூ (தலையில்லாத திருகு) வைத்து ஏற்றிக்கொள்ள வேண்டியது. பீன்யாவில் தெருவுக்கு நாலு லேத் இருப்பதால் அன்றைக்கே வேலை முடிந்துவிடும். டேப்பர் லாக்கில் புல்லி தனி, ஷாஃப்டைப் பிடிக்கும் புஷ் தனி. புஷ்ஷின் வெளிப்பக்கம் சரிவாக இருக்கும், ஒரு பக்கம் நீளவாக்கில் வெட்டு விட்டிருப்பார்கள். இறுக்க இறுக்க அது சரிவுக்குள் இறங்கி, சுருங்கி, ஷாஃப்டைச் சுற்றிலும் கவ்விக்கொள்ளும்.

மற்ற தேர்வுகளைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். அலுமினியம் புல்லி இலேசு, மாவு மில்லுக்கும் சின்ன கம்ப்ரசருக்கும் சரி. கிரைண்டிங் தூசி பறக்கும் இடத்தில் பெல்ட் உட்காரும் குரூவ் சீக்கிரம் தேய்ந்துவிடும். எம்.எஸ். ரவுண்டிலிருந்து (மைல்டு ஸ்டீல் உருண்டைக் கம்பி) கடைந்து எடுப்பது அவசரத்துக்கு ஆகும். மற்றபடி காஸ்ட் அயர்ன்தான் (வார்ப்பிரும்பு), கோயம்புத்தூர் ஃபவுண்டரி வார்ப்பு என்று சொல்லித்தான் பாதிக் கடையில் விற்கிறார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: சாதாரண காஸ்ட் அயர்ன் புல்லியின் விளிம்பு வேகம் நொடிக்கு 30 மீட்டரைத் தாண்டினால் டைனமிக் பேலன்ஸ் (சுழலவிட்டு எடையைச் சமன் செய்வது) செய்ததா என்று கேட்டு வாங்க வேண்டும். நிமிடத்துக்கு 1440 சுற்று ஓடும் மோட்டாரில் 16 இஞ்ச் புல்லி போட்டாலே அந்த வேகம் வந்துவிடும். 2880 மோட்டார் என்றால் 8 இஞ்சே போதும், அதைத்தான் நிறையப் பேர் கவனிப்பதில்லை. பி செக்‌ஷன் பெல்ட்டுக்கு (வி-பெல்ட்டில் ஒரு அளவு) 125 மி.மீ.-க்குக் கீழே புல்லி போடாதீர்கள், பெல்ட் மடங்கி மடங்கியே செத்துவிடும். டைமிங் பெல்ட் புல்லி பற்றிக் கேட்காதீர்கள், ஒரே ஒரு பேக்கிங் மிஷினில் மட்டும் மாற்றியிருக்கிறேன், அதை வைத்துத் தீர்ப்பு சொன்னால் நன்றாக இருக்காது.

இப்போது விஷயத்துக்கு வருவோம். புல்லி வாங்கும்போது எல்லோரும் அது எப்படி ஏறும் என்று பார்க்கிறார்கள். என் கணக்கில் அது எப்படி இறங்கும் என்பதுதான் மொத்த விஷயமும்.

பழைய ப்ளோயரில் பைலட் போர் புல்லிதான் இருந்தது. 10 எச்.பி. மோட்டார், 38 மி.மீ. ஷாஃப்ட், 8 இஞ்சில் மூன்று பி பெல்ட் குரூவ் உள்ள புல்லி. ஒரு சனிக்கிழமை இரவு ஷிஃப்டில் மோட்டார் காயில் கருகிவிட்டது. மோட்டாரைக் காயில் கட்ட அனுப்ப வேண்டும், அதற்கு முன்னால் புல்லியைக் கழற்ற வேண்டும், அவ்வளவுதானே? ஏழு வருடமாக அங்கேயே இருந்த புல்லி. கிரப் ஸ்குரூவின் சாக்கெட் நிறைய துரு. அதை டிரில் போட்டு எடுக்கவே ஒரு மணி நேரம். அப்புறம் மூன்று கால் புல்லர் மாட்டினோம் (புல்லியைக் கழற்றப் புல்லர் என்று எவன் பேர் வைத்தானோ, "புல்லரைக் கொண்டா" என்றால் ஹெல்பர் பையன் புல்லியைத் தூக்கிக்கொண்டு வருவான்). ஹப்பின் (புல்லியின் நடுப்பகுதி) பின்னால் கால் நுழைய இடமில்லை. வேறு வழியில்லாமல் விளிம்பில் மாட்டி இறுக்கினோம். படக் என்று ஒரு சத்தம், கடைசிக் குரூவின் சுவரில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு துண்டு தெறித்துப் போய் வெல்டிங் டேபிளுக்குக் கீழே விழுந்தது. காஸ்ட் அயர்ன் அப்படித்தான், வளையாது, நேராக உடையும்.

உடைந்தது உடைந்துவிட்டது, இனிமேல் எப்படியாவது இறக்கினால் போதும் என்று கேஸ் வைத்துச் சூடு காட்டி, பின்பக்கமிருந்து பித்தளை ராடு வைத்துச் சம்மட்டியால் நாலு போடு. புல்லி இறங்கியது. காயில் கட்டுபவர் மோட்டாரைத் திறந்து பார்த்துவிட்டு முன்பக்க பேரிங்கும் போய்விட்டது என்றார். போகாமல் என்ன செய்யும்? ஷாஃப்ட் முனையில் இருக்கும் புல்லியில் அடிக்கிற ஒவ்வொரு அடியும் பேரிங் குண்டுகள் வழியாகத்தான் போகிறது, ஓடுபாதையில் பள்ளம் விழுந்துவிடும். முதலில் தெரியாது, பத்து நாளில் 'ங்ஙொய்ய்' என்று ஒரு சத்தம் வரும்போதுதான் தெரியும்.

இன்னொன்றையும் அன்றுதான் பார்த்தோம். கீயின் இரண்டு பக்கமும் செங்கல் பொடி மாதிரி சிவப்புத் தூள். போர் கொஞ்சம் லூஸாக அடித்திருக்கிறார்கள். 38-க்கு 0.05 மி.மீ. கூடினாலே போதும், ஷாஃப்டும் போரும் ஒன்றையொன்று நெருடிக்கொண்டே இருக்கும், அந்த நெருடலில் வருவதுதான் அந்தத் தூள். ஸ்டார்ட் ஆகும் ஒவ்வொரு முறையும் மொத்த இழுப்பும் கீயில்தான் விழும், கீவே அகலமாகிக்கொண்டே போகும். நல்ல லேத்காரர் கையில் கொடுத்தால் இது வராது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பைலட் போர் வாங்கும்போது நீங்கள் புல்லியை மட்டும் வாங்குவதில்லை, அந்த லேத்காரரின் அன்றைய மூடையும் சேர்த்துத்தான் வாங்குகிறீர்கள்.

டேப்பர் லாக்கைக் கழற்றுவது எப்படி என்று ஒரு தடவை பக்கத்தில் நின்று பார்த்தாலே போதும். புஷ்ஷின் முகத்தில் மூன்று துளைகள் தெரியும். ஒவ்வொரு துளையும் பாதி புஷ்ஷில், பாதி ஹப்பில். இரண்டு துளைகளில் மரை ஹப் பக்கத்தில் மட்டும் இருக்கும், அதில் ஸ்குரூ போட்டு இறுக்கினால் ஸ்குரூவின் முனை புஷ்ஷை உள்ளே தள்ளும். மூன்றாவது துளையில் மரை புஷ் பக்கத்தில் இருக்கும், ஹப் பக்கம் வழவழவென்று இருக்கும். கழற்றும்போது இரண்டு ஸ்குரூவையும் எடுத்து, ஒன்றை மட்டும் இந்த மூன்றாவது துளையில் போட்டு அலன் கீயால் திருகினால் புஷ் 'டக்' என்று பின்னால் வந்துவிடும். சம்மட்டி வேண்டாம், கேஸ் வேண்டாம், புல்லரும் வேண்டாம். போன வாரம் பெல்ட் அலைன்மென்ட்டுக்காக (இரண்டு புல்லியும் ஒரே கோட்டில் நிற்க) ஒருமுறை கழற்றினேன், கையைத் துடைத்துக்கொண்டு டீக்குப் போகும்வரை இருபது நிமிடம்.

அடுத்தது ஷாஃப்ட் அளவு மாறுவது. மோட்டார் கருகிய பிறகு லோடு கணக்குப் பார்த்ததில் 15 எச்.பி. வேண்டும் என்று தெரிந்தது. நாலு போல் மோட்டாரில் (அந்த 1440 சுற்று வகை) 10 எச்.பி.க்கு வழக்கமாக 132 ஃப்ரேம் (மோட்டார் உடலின் அளவு), ஷாஃப்ட் 38. 15-க்கு 160 ஃப்ரேம், ஷாஃப்ட் 42. புது மோட்டார் வர இரண்டு வாரம் ஆகும், அதுவரை காயில் கட்டிய பழையதை ஓட்ட வேண்டும். பைலட் போர் என்றால் முதலில் 38-க்குப் போர் அடித்து, அப்புறம் 42-க்குத் திரும்ப அடித்து, பழைய கீவேயை என்ன செய்வது என்று தலையைச் சொறிய வேண்டும். நான் 2012 நம்பர் புஷ் போடுகிற புல்லியாக எடுத்தேன். 38 போர் புஷ் ஒன்று, 42 போர் புஷ் ஒன்று. புது மோட்டார் வந்ததும் புஷ்ஷை மட்டும் மாற்றினேன், புல்லி அதேதான். மோட்டார் பேஸில் புதிதாகத் துளை போட்டதுதான் பெரிய வேலையாக இருந்தது.

அந்த நம்பரைப் படிப்பதும் எளிது. 2012 என்றால் முதல் இரண்டு இலக்கம் போர் 2.0 இஞ்ச் வரை போகலாம் என்றும், அடுத்த இரண்டு நீளம் 1.2 இஞ்ச் என்றும் சொல்கிறது. 1610, 2517, 3020 எல்லாம் இதே கணக்கு. புஷ் முகத்திலேயே நம்பரும் போர் அளவும் அடித்திருக்கும். மதுரைக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, கோச்சடையில் பெல்ட் செய்யும் ஃபென்னர் கம்பெனியில் யாராவது ஒரு மாமாவோ சித்தப்பாவோ வேலை பார்த்திருப்பார்.

எங்கள் ஸ்டோர் ரேக்கில் இப்போது போர் அடித்த பழைய புல்லிகள் ஆறு கிடக்கின்றன. குரூவ் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று 28, ஒன்று 35, ஒன்று யாரோ 40.3-க்கு அடித்தது. எதுவும் எந்த மிஷினுக்கும் பொருந்தாது. பழைய இரும்பு விலைக்குத்தான் போகும். டேப்பர் லாக் புல்லி என்றால் புஷ்ஷை மாற்றி வேறு மிஷினில் போட்டிருப்பேன். அந்த ஒன்றரை மடங்கு விலையில் பாதியாவது இந்த ரேக்கில்தான் கிடக்கிறது என்று முதலாளியிடம் காட்டினேன், அப்புறம்தான் பில்லில் கையெழுத்துப் போட்டார்.

சரி, டேப்பர் லாக்கில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. எங்கள் ஃபிட்டர், தர்மபுரிக்காரர், முப்பது வருட அனுபவம், அவர் சொல்வது இதுதான்: "தம்பி, அடிச்சு ஏத்துன புல்லி அசையாம நிக்கும். இந்த ரெண்டு ஸ்குரூவை நம்பி பதினஞ்சு எச்.பி.யை விடறியே?" பிடிப்பது ஸ்குரூ இல்லை அண்ணே, சரிவுதான் பிடிக்கிறது, ஸ்குரூ சும்மா உள்ளே தள்ளிவிடுகிறது, கீயும் கூடவே இருக்கிறது என்றால் தலையை ஆட்டுவார், அவ்வளவுதான். ஆனால் அவர் பயத்தில் ஒரு நியாயம் உண்டு. சரியாக மாட்டத் தெரியாதவன் கையில் டேப்பர் லாக் பைலட் போரைவிட மோசம். வேறொரு மிஷினில் ஹெல்பர் பையன் நல்லது செய்வதாக நினைத்துப் புஷ்ஷின் சரிவில் ஆயில் தடவிவிட்டான். ஆயில் இருந்தால் புஷ் வழுக்கி வேண்டிய அளவைவிட ஆழமாக இறங்கும். போதாததற்கு அலன் கீயில் பைப் மாட்டி இறுக்கினான். ஹப்பில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல், ஓட்டுவதற்கு முன் கண்ணில் பட்டது எங்கள் அதிர்ஷ்டம். சரிவு இரண்டும் காய்ந்து சுத்தமாக இருக்க வேண்டும், ஆயில் ஸ்குரூவின் மரையில் மட்டும். டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பேனர்) கையில் இருந்தால் 2012-க்கு 30 நியூட்டன் மீட்டர் சுமார், 2517-க்கு 50 சுமார். மாற்றி மாற்றிச் சமமாக இறுக்கி, புஷ் மேல் கட்டை வைத்து லேசாகத் தட்டி, மறுபடி இறுக்க வேண்டும். அரை மணி நேரம் லோடில் ஓட்டிவிட்டு இன்னொரு தடவை. காலியாக இருக்கும் துளையில் கிரீஸ் அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தூசி இறுகிப் போய், கழற்றும் நாளில் மூன்றாவது துளையில் ஸ்குரூ இறங்காது. இறுக்கும்போது புல்லி ஓரிரு மில்லிமீட்டர் நகரவும் செய்யும், அதனால் நூல் பிடித்து அலைன்மென்ட் பார்ப்பதை இறுக்கிய பிறகுதான் முடிக்க வேண்டும்.

மலிவு புஷ்களில் ஸ்குரூ சாக்கெட் இரண்டு தடவையிலேயே உருண்டுவிடுகிறது. கடையில் வாங்கும்போதே அலன் கீ போட்டுப் பாருங்கள், ஆடினால் வேண்டாம்.

பைலட் போர் ஜெயிக்கும் இடமும் உண்டு. சின்ன விட்டமும் தடித்த ஷாஃப்டும் சேர்ந்தால் டேப்பர் புஷ் உட்கார இடமே இருக்காது, அங்கே வேறு வழியில்லை. ஒன்று இரண்டு எச்.பி. டிரில்லிங் மிஷினுக்கு இவ்வளவு செலவும் தேவையில்லை. 50 எச்.பி.க்கு மேலே, ஸ்டோன் கிரஷர் மாதிரி உதறுகிற லோடில் நான் கை வைத்ததில்லை, அங்கே வேலை செய்பவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் பட்டறையிலேயே கம்ப்ரசரில் இன்னும் பைலட் போர்தான் ஓடுகிறது. ஒன்பது வருடமாகக் கழற்றவில்லை, நானாகப் போய்க் கை வைக்கவும் போவதில்லை. அந்த மோட்டாருக்குக் காயில் கட்டும் நாள் வந்தால் புல்லியைக் கழற்றும் வேலையை ஃபிட்டர் அண்ணனிடமே விட்டுவிடலாம் என்றிருக்கிறேன்.