இரண்டு பேட்டரி: சீரியஸா, பேரலலா?

மண்டபம், தொண்டி பக்கம் சோலார் போடுகிறவர்கள் 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர்-அவர், அதாவது கொள்ளளவு) பேட்டரி இரண்டை வாங்கி வைத்துவிட்டு இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

கிடைப்பது: சீரியஸில் (ஒன்றின் பிளஸ்ஸை மற்றதன் மைனஸோடு சேர்ப்பது) 24 வோல்ட், 150 ஏஎச். பேரலலில் (பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) 12 வோல்ட், 300 ஏஎச். சேமிப்பு ஒன்றுதான்.

வயர்: 1000 வாட் லோடுக்கு பேரலலில் சுமார் 83 ஆம்பியர் ஓடும்; சீரியஸில் 42 போதும், வயர் செலவும் குறையும். நம்ம உப்புக்காற்றில் டெர்மினல் (வயர் மாட்டும் முனை) பச்சை பூத்துவிட்டால், ஆம்பியர் கூடக்கூட அந்த இடம்தான் கொதிக்கும். எதில் இணைத்தாலும் சுரண்டித் துடைத்து, முறுக்கியபின் வாசலின் தடவுங்கள்.

பழுது: பேரலலில் ஒன்று படுத்தால் கழற்றிவிட்டு மற்றதில் ஓட்டலாம். சீரியஸில் மொத்தமும் நிற்கும். பழசோடு புதுசைச் சேர்க்கவே வேண்டாம்.

ஃபிரிட்ஜ், மோட்டார் ஓட்ட சீரியஸ்தான். 24 வோல்ட் இன்வெர்ட்டர் வேண்டும். கையில் 12 வோல்ட் இன்வெர்ட்டர், நாலு லைட், ஃபேன் என்றால் பேரலல் போதும்.