ஏழு ஆண்டுகளாக எங்கள் கூடத்தில் வளரும் மணி பிளாண்ட்

தெரிந்தவர் வீட்டிலிருந்து கிள்ளி வந்த இரண்டு கணுக்கள் கொண்ட துண்டைக் கண்ணாடிப் புட்டித் தண்ணீரில் போட்டு வைத்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. அடுத்த ஆண்டு ஒரு நர்சரியில் முழுப் பச்சை நிறக் கொடி ஒன்றையும் மணி பிளாண்ட் என்றே சொல்லிக் கொடுத்தார்கள். அது பிலோடென்ட்ரான் என்னும் வேறொரு செடி என்று தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன.

இரண்டுக்கும் இலை இதய வடிவம்தான். ஆகவே இலையை விட்டுவிட்டுத் தளிர் பிறக்கும் விதத்தைக் கவனிக்க வேண்டும். மணி பிளாண்டின் புதிய இலை, முந்தைய இலைக்காம்பின் மடிப்பிலிருந்து சுருட்டிய வெற்றிலை போல நேராக வெளிவரும். பிலோடென்ட்ரானிலோ தளிரைத் தனியாக ஒரு மெல்லிய உறை மூடியிருக்கும். இலை விரிந்தபின் அந்த உறை காய்ந்து பழுப்பாகிக் கணுவிலேயே தங்கிவிடும். அந்தச் சருகுகளை ஏதோ நோய் என்று எண்ணி வாரந்தோறும் நான் கிள்ளி எறிந்திருக்கிறேன். காம்பின் மேற்புறத்தை விரலால் தடவினாலும் வேறுபாடு தெரியும்: மணி பிளாண்டில் வாய்க்கால் போல ஒரு பள்ளம் ஓடும்.

தாவரவியலாளர்களையே அலைக்கழித்த செடி மணி பிளாண்ட். பிரெஞ்சு பாலினீசியாவின் மோரேயா தீவைச் சேர்ந்த இக்கொடிக்கு 1880இல் போதோஸ் ஆரியஸ் என்று பெயரிட்டார்கள். பிறகு சிண்டாப்சஸ், ராபிடோபோரா என்னும் பேரினங்களுக்கு மாற்றி, 1964இல்தான் எபிப்ரெம்னம் ஆரியம் என்னும் இன்றைய பெயருக்கு வந்தார்கள். இந்தக் குடும்பத்துச் செடிகளைப் பூவைக் கொண்டே உறுதியாக இனம் காண்கிறார்கள். இதுவோ பூப்பதே மிக அரிது. பூக்கத் தூண்டும் ஜிப்பெரெலின் என்ற ஊக்கி இதில் போதிய அளவு உருவாவதில்லை என்று 2016இல் வெளியான ஆய்வு காட்டியது.

புட்டியில் இருந்த காலம் முழுவதும் இலைகள் உள்ளங்கையைத் தாண்டவில்லை. மூன்றாம் ஆண்டில் மண்தொட்டிக்கு மாற்றித் தேங்காய் நார் சுற்றிய கம்பில் ஏற்றிவிட்டேன். கணுவுக்கு ஒன்றாக வந்த தடித்த வேர்கள் நாரைப் பற்றியதும், மேலே போகப் போக ஒவ்வோர் இலையும் முந்தையதைவிடப் பெரிதாக வந்தது. பக்கத்துத் தோட்டத்தின் தென்னையில் முறம் அகலத்தில், ஓரம் கிழிந்த இலைகளுடன் படர்ந்திருந்த கொடியை வேறு இனம் என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். அதுவும் இதே மணி பிளாண்ட்தான்.

மேல்மண் காய்ந்த பிறகே நீர் ஊற்றுகிறேன். ஈரம் தேங்கினால் வேர் அழுகிவிடும். சாற்றில் கால்சியம் ஆக்சலேட் என்னும் உப்பின் நுண்ணிய ஊசிகள் இருப்பதால் கத்தரிக்கும்போது கை அரிக்கும், கடித்தால் வாய் எரியும். தவழும் குழந்தையோ பூனையோ இருக்கும் வீட்டில் கொடியைத் தரை வரை தொங்கவிடாதீர்கள்.